காத்திருக்கும் கணிப்பொறி

திருச்சியிலிருந்து மதுரை செல்லும் பேருந்து ஒன்று விராலிமலையைத் தாண்டியதும் அதன் டயர் வெடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "ஸ்டெப்னி இருக்கிறது, கவலை வேண்டாம்" என்கிறார் நடத்துநர். இறக்கிப் பார்த்தால் அதில் காற்றே இல்லை! மாற்றுச் சக்கரம் இருந்தும் பயணிகள் சாலையோரத்தில் நிற்க வேண்டியதுதான்.

கணிப்பொறிகளுக்கும் ஸ்டெப்னி உண்டு. விராலிமலைக் கடைத்தெருவில் நின்றபடி ஒருவர் கைப்பேசியில் பங்கு வாங்குகிறார். அவர் கட்டளை மும்பையில் உள்ள தேசியப் பங்குச் சந்தையின் கணிப்பொறிகளுக்குப் போய்ச் சேர்கிறது. அவை பழுதடைந்தால் வேலையை ஏற்றுக்கொள்ளச் சென்னையில் ஒரு மாற்று மையம் உள்ளது.

ஸ்டெப்னிக்குக் காற்று போதும். மாற்றுக் கணிப்பொறிக்கோ கடைசி நொடிவரை நடந்த எல்லாக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது எப்படி முடிகிறது?

பேரேடு முழுவதையும் திரும்பத் திரும்ப நகலெடுப்பதில்லை. மாற்றங்களை மட்டும் அனுப்புகிறார்கள். உங்கள் வங்கிக் கணக்கில் 500 ரூபாய் இருக்கிறது. முதலில் 300 ரூபாய் போடுகிறீர்கள். பிறகு 700 ரூபாய் எடுக்கிறீர்கள். முதன்மைக் கணிப்பொறி இவற்றை 1, 2 என வரிசை எண்ணிட்டு ஒரு நடவடிக்கைப் பதிவேட்டில் எழுதுகிறது. அந்தப் பதிவேடு உடனுக்குடன் மாற்றுக் கணிப்பொறிக்குச் செல்கிறது. அதுவும் அதே வரிசையில் கணக்குப் போட்டு, மீதி 100 என்று காண்கிறது. வரிசை மாறினால் என்ன ஆகும்? 500 ரூபாயில் 700 எடுக்க முடியாதல்லவா? இணைப்பு அறுந்து மீண்டும் வந்தால், "3-ஆம் எண்ணிலிருந்து அனுப்பு" என்று கேட்டு வாங்கிக்கொள்ளவும் இந்த எண்கள் உதவுகின்றன.

இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். மும்பைக்கும் சென்னைக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். போய்வர நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகிறது. "எழுதிவிட்டேன்" என்ற பதில் சென்னையிலிருந்து வரும்வரை ஒவ்வொரு வணிகத்துக்கும் காத்திருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக நொடிக்கு நூறுதான் முடியும். காத்திராமல் சென்றாலோ, திடீரென முதன்மைக் கணிப்பொறி நின்றுவிடும்போது வழியில் இருந்த கடைசிச் சில பதிவுகள் தொலைந்துபோகலாம்.

அப்படியானால் நகலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். ஒரே வெள்ளமோ நிலநடுக்கமோ இரண்டையும் அழித்துவிடுமே! ஆகவே பங்குச் சந்தைகளுக்கு இரண்டும் தேவை என்கிறது 'செபி' எனப்படும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம். ஒரு பதிவும் தொலையாமல் காக்க அருகில் ஒரு மையம். பேரிடருக்குத் தப்பத் தொலைவில் ஒரு மையம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. முதன்மைக் கணிப்பொறி "நலம், நலம்" என்று இடைவிடாமல் குறிப்பு அனுப்பிக்கொண்டிருக்கும். அது நின்றால் கணிப்பொறி பழுதாகியிருக்கலாம். அல்லது இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்திருக்கலாம். இரண்டாவது நிலையில் மாற்றுக் கணிப்பொறி அவசரப்பட்டுப் பொறுப்பேற்றால் என்ன நடக்கும்? இரண்டு தலைவர்கள், இரண்டு பேரேடுகள்! ஒரே பணத்தை இரண்டு இடத்திலும் எடுத்துவிடலாம். ஆகவே பழைய கணிப்பொறி நிறுத்தப்பட்டதை உறுதி செய்த பிறகே புதியது வேலையைத் தொடங்க வேண்டும்.

இனி ஓர் உண்மை நிகழ்ச்சி. 2021 பிப்ரவரி 24 அன்று, தொலைத்தொடர்பு இணைப்புகளில் ஏற்பட்ட கோளாற்றைத் தொடர்ந்து, தேசியப் பங்குச் சந்தையில் பகல் 11.40 மணிக்கு வணிகம் நின்றது. மாலை 3.45-க்குத்தான் மீண்டும் தொடங்கி, 5 மணி வரை நடந்தது. நான்கு மணி நேரமும் சென்னையில் ஸ்டெப்னி இருக்கத்தான் செய்தது. ஆனால் வணிகம் அங்கே மாற்றப்படவில்லை.

அடுத்த மாதமே செபி விதியை இறுக்கியது. முக்கிய அமைப்பு தடைப்பட்டால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என அறிவிக்க வேண்டும். அதிலிருந்து 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து வேலை நடக்க வேண்டும். 2024 மார்ச் 2, சனிக்கிழமை. விடுமுறை நாளில் சந்தையைத் திறந்து, காலை 9.15 முதல் 10 மணி வரை முதன்மை மையத்திலும், 11.30 முதல் 12.30 வரை மாற்று மையத்திலும் உண்மையான வணிகத்தையே நடத்திப் பார்த்தார்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று, டயர் வெடிக்கும் முன்பே மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள் எனலாம்.

நீங்களும் இதைச் சோதிக்கலாம். வகுப்பு நூலகப் பதிவேட்டுக்கு ஒரு நகலை நண்பரிடம் ஒப்படையுங்கள். ஒருநாள் முன்னறிவிப்பின்றி மூலப் பதிவேட்டை ஒளித்துவைத்து, நகலை மட்டும் கொண்டு புத்தகங்களைக் கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். எந்தப் புத்தகம் யாரிடம் என்று அவர் திணறாமல் சொன்னால், உங்கள் நகல் உண்மையான நகல்தான்!