வேகவைத்துப் பிழிதல்

ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடப் பாலத்தைக் கடந்து, நம்பர் ஒன் டோல்கேட் வழியாக மண்ணச்சநல்லூரை நெருங்கும்போதே நெல் அவியும் வாசனை நம்மை எதிர்கொள்ளும். அங்குள்ள அரிசி ஆலைகளில் நெல்லை ஊறவைத்து, நீராவியில் அவித்து, உலர்த்திய பின்னரே அரைவைக்கு விடுகிறார்கள். பச்சை நெல்லைக் குத்தினால் நொய் மிகுதியாக விழும். அவித்த நெல்லின் மணி இறுகி முழு அரிசியாக வரும். இது நம் அங்கத்தினர்களின் வீட்டுப் பெண்மணிகள் யாவரும் அறிந்ததே. ஆனால் எண்ணெய் வித்துக்களையும் இவ்வாறு பக்குவப்படுத்திப் பிழியலாம் என்று சொன்னால் மட்டும் பலர் தயங்குகிறார்கள். சூடு காட்டினால் எண்ணெயின் குணம் கெட்டுவிடாதா என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குரிய விடை வித்துக்கு வித்து மாறும்.

நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். எனினும் அது குடத்தில் நீர் நிற்பது போல் நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளிகளாக, ஒவ்வொரு துளியும் மெல்லிய புரத உறையால் சூழப்பட்டு, பருப்பின் அணுவறைகளுக்குள் அடைபட்டிருக்கிறது. பருப்பை நசுக்கினால் சில அறைகள் உடையும், பல உடையா. ஈரத்துடன் கூடிய வெப்பம் உள்ளே செல்லும்போது மூன்று காரியங்கள் நடைபெறுகின்றன. கொதிநீரில் முட்டையின் வெண்கரு உறைவதைப் போலப் புரதம் உறைந்து, துளிகளின் உறை தளர்கிறது. சிதறிய துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருந்துளிகளாகின்றன. எண்ணெயும் இளகுகிறது, 30 டிகிரி சென்டிகிரேடில் உள்ள பிசுபிசுப்பு 80 டிகிரியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இவையன்றி, எண்ணெயைச் சிக்கடிக்கச் செய்யும் சில நொதிகளும் வெப்பத்தால் செயலற்றுப் போகின்றன.

நம் மரச்செக்கு இத்தத்துவத்தை அறவே புறக்கணித்ததன்று. உலக்கை சுழலும் உராய்வில் உரலும் சரக்கும் சூடேறுகின்றன. செக்காட்டுபவர் அளவறிந்து தண்ணீர் தெளிக்கிறார். எள்ளாட்டும்போது கருப்பட்டியோ வெல்லமோ சேர்க்கிறார். ஆக, ஈரமும் சிறிது வெப்பமும் அங்கேயும் உண்டு. எனினும் எக்ஸ்பெல்லர் என்னும் திருகுப் பிழிபொறியின் வேலைமுறை வேறு. அமெரிக்காவில் கிளீவ்லந்து நகரின் ஆண்டர்சன் என்பவர் 1900-ல் இதனை உருவாக்கினார். செக்கில் சரக்கு நெடுநேரம் அரைபடும். எக்ஸ்பெல்லரிலோ சிறிது நேரத்தில் திருகுக்கும் கூண்டுக்கும் இடையே நெருக்குண்டு வெளியேறிவிடும். அந்தக் குறுகிய நேரத்துக்குள் எண்ணெயை விட்டுக்கொடுக்க வேண்டுமானால், விதை முன்கூட்டியே பக்குவமாகியிருத்தல் வேண்டும்.

அதற்கு அமைந்த சாதனத்தை ஆலைக்காரர்கள் ‘கெட்டில்’ என்பர். இட்லிக் கொப்பரையில் தட்டுக்களை அடுக்குவதுபோல, இரும்பு அண்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதே அது. ஒவ்வொன்றின் அடிப்பாகமும் இரட்டைத் தகட்டாலானது. இரு தகடுகளின் இடைவெளியில் நீராவி ஓடும். நடுவில் நிற்கும் தண்டில் பொருத்திய கைகள் சரக்கை ஓயாமல் துழாவும். மேல் அண்டாவில் நொறுக்கிய விதை விழுந்ததும், அதன்மேல் நேராகவே சிறிது நீராவி தெளிக்கப்படும். விதை நனைந்து, 80, 90 டிகிரி வரை வெந்து, கதவு திறந்து அடுத்த தட்டுக்கு இறங்கும். கீழே செல்லச்செல்ல வெப்பம் ஏறும். ஈரம் ஆவியாகிப் புகைபோக்கி வழியே போகும். கடைசித் தட்டில் 105 முதல் 110 டிகிரியும், நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஈரமும் இருந்தால் நிலக்கடலைக்குப் பெரும்பாலும் பொருந்தும். முதலில் வேகவைத்தல், பின்னர் உலர்த்துதல் என்பதே இதன் ஒழுங்கு. ஈரமின்றி வறுத்தால் இந்தப் பயன் கிட்டாது.

சிற்றாலைகளில் ஒரே அண்டாதான் எக்ஸ்பெல்லரின் தலைமேல் அமர்ந்திருக்கும். கடலைத் தோலை எரித்து இயங்கும் ‘பேபி பாய்லர்’ அதற்கு ஆவி தரும். இதிலும் நல்ல பலன் காணலாம், பார்ப்பவர் கவனமாயிருந்தால். நான் கண்ட ஓர் ஆலையில் வெப்பமானி பழுதாகிப் பல மாதங்களாகியும் மாற்றப்படவில்லை. வாசனையைக் கொண்டே வேலை நடந்தது. எண்ணெய் கறுத்து வந்ததும், வியாபாரி விலையைக் குறைத்ததும், எல்லோரும் கடலையின்மேல் பழிபோட்டார்கள்! ஒரு வெப்பமானியின் விலை எங்கே, அந்த நஷ்டம் எங்கே!

கைப்பக்குவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்ந்த ஆள் கெட்டிலிலிருந்து இறங்கும் சரக்கை உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். கை எண்ணெய்ப் பசையாக வேண்டும். பிடித்த பிடி உருவம் காட்டி, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். களியாக ஒட்டினால் ஈரம் மிகுதி என்று பொருள். அது கூண்டுக்குள் வழுக்கும். பிண்ணாக்கு மெத்தென்று வரும். எண்ணெயோடு மண்டியும் கசியும். மணலாக உதிர்ந்தால் உலர்ச்சி மிகுதி. பொறி சூடேறிப் புகையும். பிண்ணாக்கு தீய்ந்து மாட்டுக்கு உதவாத பொடியாகும். தீய்ந்த பிண்ணாக்கில் புரதம் இருந்தும் அதன் ஒரு பகுதி உடலுக்குச் சேராது.

ஆதாயத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1,000 கிலோ பருப்பு; அதில் 450 கிலோ எண்ணெய், மற்றவை 550 கிலோ என்று கொள்வோம். வேகவைக்காமல் பிழிந்த பிண்ணாக்கில் நூற்றுக்கு 12 பங்கு எண்ணெய் தங்கினால், பிண்ணாக்கு 625 கிலோ. கைக்கு வரும் எண்ணெய் 375 கிலோ. பக்குவம் செய்ததில் 7 பங்கே தங்கினால், பிண்ணாக்கு 591 கிலோ. எண்ணெய் 409 கிலோ. டன்னுக்கு 34 கிலோ எண்ணெய் கூடுதல். அதே அளவு பிண்ணாக்கு குறைகிறது என்பதையும் மறவாதீர்கள். எண்ணெய் விலைக்கும் பிண்ணாக்கு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை 34-ஆல் பெருக்கி, அதிலிருந்து எரிபொருளையும் ஆள்கூலியையும் கழித்தால் மிஞ்சுவதே சங்கத்தின் லாபம். ஆண்டில் சில வாரங்களே ஓடும் சிற்றாலைக்கு இது கட்டுபடியாகாமலும் போகலாம்.

நெசவாளர்கள் இதைப் படித்துவிட்டு, நமக்கு இதில் என்ன என்று எண்ண வேண்டாம். உறையூர்த் தறியில் ஏறும் நூல் பஞ்சாக வருமுன், பருத்தியாகச் செடியில் இருந்தபோது, அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கொட்டைதான். பெரம்பலூர்ப் பக்கத்து உழவர் பஞ்சோடு அதையும் விளைவிக்கிறார். பருத்திக்கொட்டையில் காசிபால் என்னும் நச்சு நிறப்பொருள் உண்டு. அசைபோடும் பெரிய மாடுகள் அதை ஓரளவு தாங்கும். கோழிகளும் இளங்கன்றுகளும் தாங்கா. ஈர வெப்பத்தில் காசிபால் புரதத்தோடு பிணைந்து பெரிதும் வீரியம் இழக்கிறது. ஆகையால் பருத்திக்கொட்டைக்கு வேகவைத்தல் தீவனத்தின் பாதுகாப்புக்கும் இன்றியமையாதது. இதன் எண்ணெயைச் சுத்திகரித்த பின்னரே உண்ணலாம்.

எள்ளைப் பற்றிய என் கருத்து இதற்கு மாறானது. நல்லெண்ணெயை மக்கள் மணத்துக்காகவும் சுவைக்காகவும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதற்கெனக் கெட்டில் வாங்குவது வீண். திருச்சிக் கடைவீதிகளில் இப்போது மரச்செக்கு எண்ணெய்ப் பலகைகள் பெருகியிருப்பதை நான் நல்லதென்றே கருதுகிறேன். ஆமணக்கைப் பற்றி ஒரு வார்த்தை: அதன் பிண்ணாக்கில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு, ஆலையில் சூடு பட்டதே என்று நம்பி மாட்டுக்கு வைக்காமல் எருவாகவே இடுக.

வெப்பம் தீர்க்காத தீங்கும் ஒன்றுண்டு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பூசணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. அப்பூசண நஞ்சுக்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயர். கெட்டிலின் சூடு அதை அழிக்காது. பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். வடிகட்டி மட்டும் விற்கும் எண்ணெயிலும் சிறிது கலந்திருக்கும். களத்தில் காயை நன்றாக உலர்த்துவதும், சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைப் பொறுக்கி நீக்குவதுமே வழி. இது பயிரிடுவோர் கையில் உள்ளது. ஆலை என்ன செய்தும் பின்னால் சரிப்படுத்த இயலாது.

கொதிகலன் வாங்கும் சங்கங்கள் அதன் பதிவையும் குறித்த காலப் பரிசோதனையையும் அலட்சியம் செய்யலாகாது. 1965 முதல் திருவெறும்பூரில் பெரும் மின்நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து அனுப்பும் ஊர் நம்முடையது. நம் ஆலைக் கொல்லையில் நிற்கும் சிறு பாய்லரும் அதே நீராவியைத்தான் அடக்கி வைத்திருக்கிறது. இன்னொன்று: பொறியிலிருந்து சுடச்சுட விழும் பிண்ணாக்கை உடனே சாக்கில் அடைத்து அடுக்காதீர்கள். உள்ளுக்குள் சூடேறித் தீப்பற்றக்கூடும். தரையில் பரப்பி, முற்றிலும் ஆறிய பின்னரே கட்டுக.