முனையில் இருக்கிறது சுருதி

மீனாட்சியம்மன் கோயிலுக்கு நூறு தடவை போனவர்கள்கூட வடக்கு ஆடி வீதியின் இசைத் தூண்களை நின்று பார்த்திருக்க மாட்டார்கள். ஐந்து தூண்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கல்லைக் குடைந்து எடுத்த 22 மெல்லிய கம்பங்கள். எனக்கு எட்டு வயது இருக்கும்போது பெரியப்பா கூட்டிப் போனார். விரல் கணுவால் ஒரு கம்பத்தைத் தட்டி, “காதை வச்சுக் கேளுடா” என்றார். கன்னத்தில் கல் சில்லென்று பட்டது. உள்ளே மெல்லிய ரீங்காரம். அடுத்ததைத் தட்டினார். வேறு சுரம். கல்லும் ஒன்று, உயரமும் ஒன்று, சுரம் மட்டும் எப்படி மாறுகிறது?

கல்லூரியில் வகைக்கெழுச் சமன்பாடு படித்தபோதுதான் விடை பிடிபட்டது. முதலில் வீணைக் கம்பியை எடுத்துக்கொள்வோம். அதிரும் கம்பி எந்த இடத்தில் எவ்வளவு விலகி நிற்கிறதோ, அந்த அளவுக்கு அங்கே நடுக்கோட்டை நோக்கி வளைகிறது. அதன் சமன்பாடு சொல்வது அவ்வளவுதான். இதை மட்டும் வைத்துக்கொண்டு எந்தச் சுரத்தையும் எழுதிவிடலாம், சமன்பாடு தடுக்காது. தடுப்பவை இரண்டு முனைகள். இரண்டிலும் கம்பி அசையக் கூடாது.

ஒரு முனையிலிருந்து அலையை வரைந்துகொண்டே போங்கள். அதிர்வெண்ணை உங்கள் இஷ்டத்துக்கு வைத்தால், மறுமுனைக்குப் போய்ச் சேரும்போது அலை கோட்டுக்கு மேலேயோ கீழேயோ நிற்கும். அந்த அதிர்வுக்குக் கம்பியில் இடமில்லை. வெட்டாமல் மடிக்காமல் சுவருக்குச் சுவர் பாய் விரிப்பது போல, அரை அலைகள் முழு எண்ணிக்கையில் பொருந்த வேண்டும்: ஒன்று, இரண்டு, மூன்று. ஆகவே அதிர்வெண்களும் 1, 2, 3 என்ற விகிதத்தில் அமைகின்றன. ஆரம்ப நிலையை மட்டும் சொல்லி ‘இனி என்ன ஆகும்’ என்று கேட்டால், இப்படிப்பட்ட சமன்பாட்டுக்கு எப்போதும் ஒரே ஒரு விடை உண்டு. இரு முனைகளிலும் நிபந்தனை போட்டால் கதையே வேறு. குறிப்பிட்ட சில எண்களுக்கு மட்டும்தான் அதிர்வு உண்டு. இதுதான் எல்லை மதிப்புக் கணக்கு. ஸ்டர்ம், லியூவில் என்ற இரு பிரெஞ்சுக் கணிதர்கள் 1836-37இல் இதற்குப் பொதுவான அடித்தளம் போட்டார்கள்.

இனி கல்லுக்கு வருவோம். கம்பி இழுவிசையால் அதிர்கிறது. கல் தன் விறைப்பால் அதிர்கிறது. அதனால் சமன்பாடு இரண்டாம் வரிசையிலிருந்து நான்காம் வரிசைக்கு ஏறுகிறது. முனைக்கு இரண்டு வீதம் நான்கு நிபந்தனைகள் வேண்டும். கம்பம் மேலும் கீழும் தாய்க்கல்லோடு ஒட்டியிருக்கிறது: முனை நகரக் கூடாது, சாயவும் கூடாது. கணக்குப் போட்டால் அதிர்வெண்கள் 1 : 2.76 : 5.40 என்று வருகின்றன. வீணையின் முழு எண் ஒழுங்கு இதில் இல்லை. கல்லின் நாதம் வீணையைப் போல் இல்லாமல் மணியைப் போலக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மேல்முனையை மட்டும் அறுத்து விட்டுவிட்டால் அடிப்படைச் சுரம் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். பெஞ்சு விளிம்பில் இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து மீட்டுவோமே, அந்த நிலைமைதான்.

ஹம்பி விட்டலர் கோயிலின் இசைத் தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் கருவிகளால் சோதித்தார்கள். தூண் உள்ளே பொள்ளலாக இருக்கும் என்ற நெடுநாள் பேச்சு பொய்யானது. திடமான கல், வளைந்து அதிர்வதால் வரும் ஓசை.

சிற்பியின் கையை இந்த இடத்தில்தான் நான் வணங்குகிறேன். வைணிகர் சுருதி தவறினால் பிரடையைத் திருகிக்கொள்ளலாம். சிற்பிக்கு இழுவிசை இல்லை. உயரமும் கையைவிட்டுப் போய்விட்டது. மீதி இருப்பது கனம் மட்டும். உயரமும் வடிவமும் ஒன்றாக இருந்தால் சுரம் கனத்தோடு ஏறும்: ஸட்ஜத்துக்கு எட்டுப் பங்கு கனம் என்றால், சதுச்ருதி ரிஷபத்துக்கு ஒன்பது பங்கு. செதுக்கச் செதுக்க சுரம் இறங்கிக்கொண்டே போகும். ஒரு உளி கூடுதலாக விழுந்தால், இறங்கிய சுரத்தை மேலே ஏற்ற வழியே இல்லை.

முனை என்றால் ஒரு புள்ளி என்று இதுவரை வைத்துக்கொண்டோம். தம்பூராவிலும் வீணையிலும் அது புள்ளி அல்ல. கம்பியைத் தாங்கும் குதிரையின் மேற்பரப்பு லேசாக வளைந்திருப்பதால், அதிரும் கம்பி அதைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. எல்லையே ஓயாமல் நகர்கிறது. கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவற்றிருக்கும் மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது பழைய விதி. நம் கருவிகளில் அவை ஒலிக்கின்றன என்று சி.வி. ராமன் 1921இல் எழுதினார். மதுரை சண்முகவடிவின் வீட்டில் 1916இல் பிறந்த குழந்தை, பின்னாளின் எம்.எஸ். சுப்புலட்சுமி, அம்மாவின் வீணையில் கேட்டு வளர்ந்தது அப்படிப்பட்ட நாதத்தைத்தான்.

தம்பூராவில் கம்பிக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூல் துண்டு இருக்கும். ஜீவாளி என்பார்கள். அதை மயிரிழை அளவு நகர்த்திப் பாருங்கள். ஒரு இடத்தில் அதுவரை மழுங்கலாக இருந்த கம்பி திடீரென்று ரீங்கரிக்கத் தொடங்கும்.