பாலுக்கும் தீவனத்துக்கும் நடுவே

அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்துக் கிளார்க் கவுன்டியில், நீல்ஸ்வில் என்னும் சிற்றூரில், 16 அடி உயரமுள்ள பசுவின் சிலையொன்று நிற்கிறது. இந்தச் 'சாட்டி பெல்', பேசும் பசு என்று பெயர் பெற்றது. பால் மானியத்தின் கதையையும் சொல் என்று கேட்டுவிட்டால், பாவம், அது விடிய விடியப் பேச வேண்டியிருக்கும்.

ஏனெனில் பாலைக் காப்பாற்றச் சர்க்கார் மேற்கொண்ட உபாயங்கள் அத்தனை விசித்திரமானவை. 1949-ஆம் வருஷத்து விவசாயச் சட்டத்தின்படி, விலை வீழும்போதெல்லாம் வெண்ணெயையும் பாற்கட்டியையும் பால்பொடியையும் சர்க்காரே குறித்த விலைக்கு வாங்கிக் கிடங்கில் அடுக்கிற்று. அடுக்கியது தாங்காமற்போகவே, 1981 டிசம்பரில் ஜனாதிபதி ரீகன் 3 கோடி ராத்தல் பாற்கட்டியை ஏழைகளுக்கு வழங்க உத்தரவிட்டார். அதுவும் போதாமல், 1986-இல், மந்தை முழுவதையும் கசாப்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பிவிட்டு ஐந்து வருஷம் பால் தொழிலை விட்டு விலகியிருக்கச் சம்மதித்த சுமார் 14,000 பண்ணையாளருக்குப் பணம் கொடுத்தார்கள். அந்தப் பசுக்களை அடையாளம் காண முகத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட வேண்டும் என்ற விதியை, ஜீவகாருண்ய சங்கமொன்று வழக்காடித்தான் நிறுத்தியது.

2018-ஆம் வருஷத்துச் சட்டத்தால் வந்த இன்றைய ஏற்பாட்டில் சர்க்கார் பாலையும் வாங்குவதில்லை, பசுவையும் வாங்குவதில்லை. பால் விலையிலிருந்து மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, குதிரைமசால் ஆகிய தீவனங்களின் செலவைக் கழித்தால் 100 ராத்தலுக்கு, அதாவது 45 கிலோவுக்கு, என்ன மிஞ்சுகிறது என்று மாதந்தோறும் கணக்கிட்டு, பண்ணையாளர் முன்னதாகவே தேர்ந்துகொண்ட அளவுக்குக் கீழே அது போனால், குறைந்ததை ஈடுசெய்கிறார்கள். சிறு பண்ணை இப்படித் தேர்ந்துகொள்ள உச்சவரம்பு 9.50 டாலர், அதற்குச் சந்தா 100 ராத்தலுக்கு 15 சென்ட். 2023 ஜூலையில் மிச்சம் 3.52 டாலராக விழுந்தபோது, அந்தச் சந்தா கட்டியவருக்கு 5.98 டாலர் வீதம் கணக்கானது. ஆயினும் இந்தக் கணக்கில் வருபவையெல்லாம் பொது விலைகள். மழையில் நனைந்து பாழான தன் வைக்கோலைப் பற்றி ஒரு விவசாயி அந்த வாய்பாட்டிடம் முறையிட முடியாது. கிளார்க் கவுன்டியில் குதிரை வண்டியில் போகும் ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவினரோ, பொதுவாகச் சர்க்கார் உதவியை நாடாதவர்கள்.

மாகாணத்தில் பசுக்கள் இன்றும் ஏறத்தாழ 12½ லட்சம். ஆனால் 2004-இல் 15,000-க்கு மேலிருந்த பால் பண்ணைகள் இப்போது 6,000-க்கும் குறைவு. மானியத்தை வைத்து மட்டும் இதை அளக்கலாகாது என்பது என் அபிப்பிராயம். 2017 ஏப்ரலில், கனடாவுக்குச் சரக்கு அனுப்பும் வழி அடைபட்டதால், இதே கவுன்டியிலுள்ள வெண்ணெய் ஆலையொன்று சுமார் 75 பண்ணைகளுக்கு, மே முதல் தேதியிலிருந்து உங்கள் பாலை எடுப்பதற்கில்லை என்று கடிதம் எழுதியது. அப்போதும் இன்றைய ஈட்டுத் திட்டத்தின் முன்னோடி நடைமுறையில் இருந்தது. விலைக்கும் தீவனத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை அது அறியும், வாங்க ஆளில்லாத பாலை அறியாது. கிடங்கு நிரம்பி வழிந்த அந்தப் பழைய காலத்தில் சர்க்காராவது வாங்கிக்கொண்டிருந்தது. கடிதம் வந்த அன்று சாயங்காலமும், வழக்கம்போல், பசுக்கள் கறவைக்குக் கொட்டகை வாசலில் வந்து நின்றிருக்கும்.