டயரின் பளபளப்பு: பாதுகாப்பா, அலங்காரமா?

குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பகுதிகளில் விடியற்காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டும் தொழிலாளர்களைக் காணலாம். தமிழ்நாட்டில் ரப்பர் மிகுதியாக விளைவது கன்னியாகுமரி மாவட்டத்தில்தான். அரசு ரப்பர் கழகம் 1984-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குவதும் இதனாலேயே. சிரட்டையில் சொட்டும் வெண்ணிறப் பால் அமிலத்தால் உறைகிறது, உருளைகளில் நசுங்கித் தகடாகிறது, புகையில் உலர்கிறது. இந்தியாவில் இயற்கை ரப்பரின் பெரும்பகுதி இறுதியில் டயராகவே மாறுகிறது.

புதிதாக வாங்கும்போது கருகருவென்று இருக்கும் டயர், நாளடைவில் பழுப்பேறுவதும் வெடிப்பு விடுவதும் ஏன்? கடைகளில் விற்கும் டயர்ப் பூச்சுகள் இதைத் தடுக்குமா? அவற்றுள் எது நெடுநாள் நிற்கும்?

ரப்பரின் பகைவர்கள்

இயற்கை ரப்பர், ஐசோப்ரீன் என்னும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலியாகும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் இச்சங்கிலிகளுக்கிடையே பாலங்கள் அமைந்து ரப்பர் உறுதிபெறும் என்பதைக் கண்டறிந்தார். ஆயினும் சங்கிலியின் பெரும்பாலான கண்ணிகளில் இரட்டைப் பிணைப்பு எஞ்சியே இருக்கிறது. அதுவே ரப்பரின் பலவீனமான இடம்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஓசோன் வாயு மிகச் சிறிதளவு கலந்துள்ளது. பத்துக் கோடிப் பங்கு காற்றில் சில பங்கு ஓசோன் இருந்தாலே போதும். இழுபட்ட நிலையில் உள்ள ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை அது அறுத்துவிடும். இழுவிசைக்குக் குறுக்காக மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றும். வெயிலின் புற ஊதாக் கதிர்களும் வெப்பமும் இந்தச் சிதைவை விரைவுபடுத்துகின்றன.

குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். உப்பு ரப்பரை அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஆனால் வெடிப்பு ஆழமானால் அதன் வழியே உப்பு ஈரம் நுழைந்து, டயருக்குள் இருக்கும் எஃகு இழைகளைத் துருவேற்றக்கூடும்.

டயருக்குள்ளேயே இருக்கும் மருந்து

டயர் செய்வோர் இதையெல்லாம் அறிந்தே மூன்று காவலர்களை ரப்பருக்குள் வைத்திருக்கிறார்கள். முதலாவது கரித்தூள், டயருக்கு வலிமையும் கறுப்பு நிறமும் தருவதோடு புற ஊதாக் கதிரையும் அது விழுங்கிக்கொள்கிறது. இரண்டாவது மெழுகு. இது உள்ளிருந்து மெல்லக் கசிந்து மேற்பரப்பில் படலமாகப் படிகிறது. வண்டி நிற்கும்போது இப்படலம் ஓசோனைத் தடுக்கும். ஓடும்போது டயர் வளைந்து நெளிவதால் படலம் உடைந்துபோகும். அப்போது காப்பது மூன்றாவது காவலரான 6பிபிடி என்னும் வேதிப்பொருள். அது ரப்பருக்கு முன்னால் நின்று ஓசோனுக்குத் தானே இரையாகிறது. டயரின் பக்கங்களில் தோன்றும் பழுப்பு நிறம் பெரும்பாலும் இவ்வாறு செலவழிந்த 6பிபிடியே!

பூச்சுகள் மூவகை

முதல் வகை பால் போல் வெளுத்திருக்கும் நீர்மப் பூச்சு. இதில் சிலிகோன் எண்ணெய் நுண்துளிகளாக நீரில் கலந்திருக்கும். இந்த எண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை, நீரை ஒட்டவிடாது, ரப்பருக்குள் ஊறுவதும் அரிது. ஆனால் ரப்பரோடு பிணைவதில்லையாதலால் சில மழைகளில் கழுவப்பட்டுவிடும்.

இரண்டாம் வகை, மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் சிலிகோனைக் கரைத்தது. பளபளப்பும் மழை தாங்கும் திறனும் இதற்கு அதிகம். எனினும் பெட்ரோலியக் கரைப்பான்கள் ரப்பரை ஊதச் செய்பவை. அடிக்கடி பூசினால் உள்ளிருக்கும் மெழுகையும் மருந்துகளையும் கரைத்து வெளியேற்றக்கூடும். டீசல், பழைய எஞ்சின் ஆயில் ஆகியவற்றால் டயரைத் துடைக்கும் பழக்கம் தவறானது என்பதும் இதனால் விளங்கும். ஒரு ரப்பர் வளையத்தை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டு, ஊறாத வளையத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், உண்மை புலப்படும்.

மூன்றாம் வகை, காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து தமக்குள் பிணைந்து இறுகும் பூச்சுகள். வெயிலில் வெளுத்த பம்பர் போன்ற கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களில் இவை மாதக்கணக்கில் நிற்கும். டயரில் அவ்வளவு நாள் நிற்பதில்லை. காரணம் எளிது. சுற்றளவு 1.8 மீட்டர் உள்ள ஒரு சக்கரம், நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 11,000 தடவை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் டயரின் பக்கச்சுவர் பிதுங்கி மீள்கிறது. இறுகிய படலம் எதுவும் இதை நெடுநாள் தாங்காது.

ஆகவே டயருக்கு நீர்மப் பூச்சும், பிளாஸ்டிக் பாகங்களுக்கு இறுகும் பூச்சும் ஏற்றவை.

பூசும் முறை

பூச்சின் ஆயுள் விலையைவிடச் சுத்தத்தைப் பொறுத்தது. வண்டியை நிழலில் நிறுத்தி, டயர் ஆறியபின் சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு தேய்க்க வேண்டும். பழுப்பாக வரும் நுரை வெள்ளையாகும்வரை தேய்த்து, கழுவி, முற்றிலும் உலரவிட வேண்டும். பிறகு பஞ்சில் தொட்டு மெல்லியதாகப் பூசி, சிறிது நேரம் கழித்து மிகையானதைத் துடைத்துவிட வேண்டும். தடித்த பூச்சு சக்கரம் சுழலும்போது தெறிக்கும்; தூசியையும் இழுக்கும். கழுவும்போது நீர் முத்து முத்தாகத் திரளாமல் பரவினால் மறுபடி பூசும் நேரம் வந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

தரையில் படும் பட்டன் பகுதி, பிரேக் தட்டு ஆகியவற்றில் பூச்சு படவே கூடாது. மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும்போது டயரின் ஓரமும் சாலையைத் தொடும். எனவே அதன் டயரில் பூசுவது வழுக்கி விழ வழிகோலும்.

குளத்திலும் ஆற்றிலும் இறக்கி வண்டி கழுவுவதையும் தவிர்க்க வேண்டும். 6பிபிடி ஓசோனோடு வினைபுரிந்து உண்டாகும் ஒரு பொருள், அமெரிக்க ஓடைகளில் கோகோ சால்மன் மீன்களைக் கொன்றுவந்ததை 2020-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

கண்ணை ஏமாற்றும் கருமை

எந்தப் பூச்சும் அறுந்த சங்கிலியை மீண்டும் இணைக்காது. வெடிப்பை மறைக்க மட்டுமே செய்யும். பழைய வண்டி வாங்குவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். மினுங்கும் டயரைக் கண்டு மயங்காமல், துணியால் துடைத்து வெடிப்பு உண்டா என்று பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். டயரின் வயதைச் சொல்வது அந்த எண்ணே, பளபளப்பு அன்று.