கோபுரம் பெயர் கொடுத்த சீனத் தெரு

வ. புதுப்பட்டியில் பிறந்து, வாணலியைச் சீனச்சட்டி என்றும் பாலில் போடுவதைச் சீனி என்றும் சொல்லியே வளர்ந்த எனக்கு, சீனர்களின் பேட்டை ஒன்றில் ஒரு நாள் முழுவதும் ஆர அமரச் சுற்றித் திரிந்து, கண்டதை வாங்கித் தின்ன வேண்டும் என்று வெகுகாலமாக இருந்துவந்த ஆசை, சென்ற சிங்கப்பூர்ப் பிரயாணத்தில்தான் நிறைவேறியது. ரயில் நிலையத்துப் பலகையில் தமிழ் எழுத்திலும் சைனாடவுன் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததுமே பாதிக் கூச்சம் அகன்றுவிட்டது.

படியேறி வெளியே வந்தால் பகோடா தெரு. பெயரைக் கேட்டதும் புத்த விஹாரம் ஒன்றைக் கண்கள் தேடுகின்றன. ஆனால் தெருக்கோடியில், சவுத் பிரிட்ஜ் சாலையைப் பார்த்து நிற்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரத்தைத்தான் அக்காலத்தார் பகோடா என்றார்கள் என்பதும், 1819-இல் ஆங்கிலேய அதிகாரி ராபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்திறங்கிய நாராயண பிள்ளை, 1827-இல் மரத்தாலும் கீற்றாலும் எழும்பிய ஆலயத்தில் சின்னம்மனைப் பிரதிஷ்டை செய்தார் என்பதும் தெரிந்தபோது, அந்நிய தேசத்துச் சீனத் தெரு ஒன்றுக்கு நம் அம்மன் சந்நிதியே நாமகரணம் செய்திருப்பதை எண்ணி நெஞ்சு நெகிழ்ந்து நின்றேன். அடுத்த தெருவுக்கும் கோயிலின் பெயர்தான். பகோடா தெருவுக்கு மறுபுறத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் 1826-இல் நிறுவிய ஜாமியா பள்ளிவாசலால் பெயர் பெற்ற மாஸ்க் தெரு. சீனர்களோ இவ்வட்டாரம் முழுவதையும் ‘மாட்டுவண்டித் தண்ணீர்’ என்று பொருள்படும் தங்கள் சொல்லால் அழைக்கிறார்கள். குழாய் வராத நாளில் மாட்டுவண்டியில்தான் இங்கே குடிநீர் வந்ததாம். வண்டிமாட்டின் மணியோசையில் கண்விழித்து வளர்ந்தவனுக்கு அப்பெயர் எவ்வளவு சொந்தமாய் ஒலிக்கிறது!

விசிறியும் பொம்மையும் விற்கும் கடைகளில் நான் நிற்கவில்லை. பசி மேக்ஸ்வெல் உணவங்காடிக்கு இழுத்துச் சென்றது. அங்கே கேரட் கேக் என்று விற்கும் பதார்த்தத்தில் இருப்பது முள்ளங்கிதான். அரிசிமாவில் முள்ளங்கியைத் துருவிக் கலந்து ஆவியில் வேகவைத்த கட்டியை, வயோதிகச் சீனர் ஒருவர் அகன்ற இரும்புச் சட்டியில் இட்டுக் கரண்டி முனையால் கொத்தி, முட்டையை உடைத்து ஊற்றி, உப்பிட்டு உலர்த்திய முள்ளங்கித் துணுக்குகளைத் தூவி, விளிம்புகள் பொன்னிறமாய் முறுகும்வரை பொறுமையாகப் புரட்டினார். மீந்த இட்லியை உதிர்த்துத் தாளிக்கும்போது என் தாயாரின் சீனச்சட்டியில் எழும் அதே ‘டங் டங்’ ஓசை; வெளியே மொறுமொறுப்பும் உள்ளே குழைவுமான அதே ருசி. இன்னொரு தட்டு கேட்டு விரல் காட்டினேன். பெரியவர் முகம் மலர்ந்து, இம்முறை ஓரத்தில் நன்றாக முறுகியதாகவே அள்ளி வைத்தார்.

அந்தி சாய்ந்ததும் கோயிலுக்குத் திரும்பினேன். எங்கள் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய மாரியம்மனுக்குப் பங்குனியில் நாங்கள் பூக்குழி இறங்குவதைப் போல, இங்கே தீபாவளிக்குச் சில நாள் முன்பு தீமிதி நடக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றபோது, எனக்கு முன்னால் ஒரு சீன மூதாட்டி இரு கைகளையும் கூப்பித் தலை தாழ்த்தி நின்றிருந்தாள். அர்ச்சகர் நீட்டிய குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தைச் சிறு காகிதத்தில் மடித்துப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டவள், நானும் தரிசிப்பதற்காகச் சற்றே விலகி இடம் கொடுத்தாள்.