மொறப்பாக்கத்துக்காரர் வீசிய முதல் பந்து

கோவளம் கடற்கரையில் சாயங்காலம் பையன்கள் கிரிக்கெட் ஆடுவது பெரும்பாலும் டென்னிஸ் பந்தில்தான். உருண்டை முழுக்க ஒரே மாதிரி ரோமம். அது வழி மாறினால், கடல்காற்று தள்ளியிருக்கும், இல்லையென்றால் வீசியவர் சுழற்றியிருப்பார். தோல் பந்து அப்படியல்ல. இலை அசையாத நாளிலும் அது காற்றில் வளையும். அந்த வளைவுக்குத்தான் ஸ்விங் என்று பெயர்.

1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதின. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அது. அந்தக் கோப்பைக்கே முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். பெயரின் முன்னால் நிற்கும் 'எம்', செங்கல்பட்டுச் சீமையின் மொறப்பாக்கம். இப்படி வட்டாரங்கள் மோதும் வழக்கம் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. அங்கே கவுண்டிகள், அதாவது அந்நாட்டு மாவட்டங்கள், 19ஆம் நூற்றாண்டிலேயே தங்களுக்கென்று அணி வைத்துச் சாம்பியன் பட்டத்துக்கு மோதின. ரஞ்சித்சிங்ஜியே சசெக்ஸ் கவுண்டிக்கு ஆடிப் புகழ் பெற்றவர். அவர் பெயரிலான கோப்பைக்கு இங்கே மாகாணங்களும் சமஸ்தானங்களும் மோதின.

கோபாலன் மிதவேகத்துக்குச் சற்று மேலான வேகத்தில் வீசுபவர். ஸ்விங்குக்குத் தோதான வேகம் அது. ஏனென்று பார்ப்போம்.

கிரிக்கெட் பந்தின் எடை சுமார் 156 முதல் 163 கிராம். அதன் நடுவே ஆறு வரிசைத் தையல் சற்றே புடைத்து ஓடுகிறது. வீசுபவர் தையலை நேராகப் பிடிக்காமல் லேசாகச் சாய்த்துப் பிடிக்கிறார். மணிக்கட்டைச் சொடுக்கி விடும்போது பந்து பின்பக்கமாகச் சுழல்வதால் அந்தச் சாய்வு கலையாமல் போகிறது. ஒரு பக்கத்தில் காற்று அந்தப் புடைப்பில் இடறிக் கலங்குகிறது. கலங்கிய காற்று பந்தின் மேல் கூடுதல் தூரம் ஒட்டி ஓடுகிறது. வழவழப்பான மறுபக்கத்துக் காற்றோ சீக்கிரமே விலகிவிடுகிறது. இதனால் பந்துக்குப் பின்னால் போகும் காற்று முழுதும் வழவழப்புப் பக்கமாகத் திரும்ப, பந்து எதிர்ப்பக்கம், தையல் சாய்ந்த திசையில், ஒதுங்குகிறது. கட்டுமரத்தில் துடுப்பால் தண்ணீரை ஒருபக்கம் தள்ளினால் மரம் மறுபக்கம் ஒதுங்குமே, அதே கணக்கு. மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் இது நன்றாக நடக்கும். வேகம் மிகவும் கூடினால் இரு பக்கக் காற்றும் கலங்கி, வளைவு குறைந்துவிடும். வழவழப்புப் பக்கத்துக் காற்று கலங்காமல் இருக்கத்தான் ஆட்டக்காரர்கள் பந்தின் ஒரு பக்கத்தை மட்டும் கால்சட்டையில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள்.

ரஞ்சியின் அந்த முதல் ஆட்டத்தில் மைசூர் 48, 59 என்று சுருண்டது. மெட்ராஸ் எடுத்த 130 ரன்னே போதுமானதாக இருந்தது. ஒரே நாளில் இன்னிங்ஸ் வெற்றி. விக்கெட்டுகளை அள்ளியவர் ஏ.ஜி. ராம் சிங், இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 11.

அப்படித் தொடங்கிய அணி கோப்பையைத் தொட 20 ஆண்டுகள் ஆயின. 1954-55இல் பாலு அழகண்ணன் தலைமையில் இந்தூரில் ஹோல்கரை வென்றது. அடுத்த பட்டம் 1987-88இல், எஸ். வாசுதேவன் தலைமையில், சேப்பாக்கத்திலேயே ரயில்வேயை வீழ்த்தி. அதற்குப் பிறகு பலமுறை இறுதியாட்டம் வரை போயும் ரஞ்சிக் கோப்பை கைக்கு வரவில்லை. ஒருநாள், இருபது ஓவர் கோப்பைகள் பல வந்தன என்றாலும் எனக்கு அந்த ஏக்கம் தீரவில்லை.

கோபாலனை நினைக்கும்போது அதைவிடப் பெரிய ஏக்கம் ஒன்று உண்டு. ஹாக்கியிலும் அவர் இந்தியாவுக்கு ஆடியவர். 1935இல் தியான் சந்தோடு நியூசிலாந்து போனவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்ற கேள்வி வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்டில்கூட அவரை ஆட வைக்கவில்லை. ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. அவர் ஆடிய ஒரே டெஸ்ட், 1934 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்ததுதான்.

1950களில் மெட்ராஸும் இலங்கையும் அவர் பெயரிலேயே ஒரு கோப்பைக்கு ஆடத் தொடங்கின. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981இல்தான். அதற்கு முந்தைய காலத்தில் அத்தீவின் ஆட்டக்காரர்கள் கடல் கடந்து வந்து முதல்தர ஆட்டம் ஆடக் கிடைத்த வாய்ப்புகளில் ஒன்று இந்த மொறப்பாக்கத்துக்காரர் பெயரிலான கோப்பை.