வேளா மீன் கொம்பு

வேளா மீன் கொம்பு என்பது வேளா மீனின் முகத்திலிருந்து வாள்போல் நீண்டு, இருபுறமும் பற்கள் வரிசையாக அமைந்த உறுப்பாகும். அருங்காட்சியகங்களிலும் கல்லூரி விலங்கியல் கூடங்களிலும் கடலோர வீடுகளின் சுவர்களிலும் இதனை உலர்த்தி மாட்டி வைத்திருப்பதைக் காணலாம். வேளா சுறா என்றும் அழைக்கப்பட்டாலும் இது திருக்கை இனத்தைச் சேர்ந்தது. செவுள் பிளவுகள் உடலின் அடிப்புறத்தில் இருப்பதைக் கொண்டு இதை அறியலாம்.

அஞ்சத்தக்க கடலுயிரின் உறுப்பை நிறுத்தி வைத்துப் பார்ப்பது அருங்காட்சியகங்கள் தொடங்கி வைத்த வழக்கமன்று. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கோட்டைத் தம் மனையில் நட்டு, அதில் தெய்வம் உறைவதாகக் கொண்டு வழிபடுகின்றனர். முழுநிலா நாளாகிய அன்று அவர்கள் கடலுக்குப் போவதில்லை. பாட்டு சுறா என்றே சொன்னாலும், நடுவதற்கேற்ற கோடு உடையது வேளா மீன்தான் என்று கொள்வது பொருத்தமாகும்.

தூத்துக்குடியின் முத்துக்குளித்துறையில் இந்த அச்சம் வெறும் கதையாக இருக்கவில்லை. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்குபவருக்குச் சுறா எதிரே வந்தால் ஒதுங்க இடமில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல்வழியே சென்ற மார்க்கோ போலோ, மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டதாக எழுதியுள்ளார். பிற்காலச் சலாபங்களில் இவர்கள் 'கடல்கட்டி' எனப்பட்டனர். வருவாயில் இருபதில் ஒரு பங்கைக் கொடுக்கத் துணிந்தார்கள் என்றால் அந்த அச்சத்தின் அளவை மாணவர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கண்ணாடிப் பேழைக்கு இப்பால் நின்று அதே பல்வரிசையைப் பார்க்கும்போது அச்சம் உண்டு, ஆபத்து இல்லை. இக்காட்சிகளின் கவர்ச்சிக்கு இதுவே முதற்காரணம்.

உண்மையில் வேளாவின் வாள் மனிதரைத் தாக்குவதற்கானதன்று. அதன் பரப்பெங்கும் உள்ள நுண்துளைகள், பிற உயிர்களின் உடலிலிருந்து எழும் மெல்லிய மின்புலத்தை உணர்கின்றன. இரை தெரிந்ததும் மீன் வாளைப் பக்கவாட்டில் வீசிச் சிறுமீன்களை அடித்து வீழ்த்தும். அதில் உள்ளவை வாய்ப்பற்களும் அல்ல. தோற்செதில்களே உருமாறி அவ்வாறு வளர்ந்துள்ளன. குட்டி பிறக்கும்போது தாய்க்குக் காயம் நேராதபடி அதன் வாள் மெல்லிய உறையால் மூடப்பட்டிருக்கும்.

சுறா, திருக்கை ஆகியவற்றின் உடல்சட்டம் குருத்தெலும்பால் ஆனது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ள, 1874இல் மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தைப் போல அவற்றை எலும்புக்கூடாக நிறுத்திவிட முடியாது. இறந்தபின் பெரும்பாலும் பற்களே எஞ்சும். எனவே தொல்காலச் சுறாக்களின் தாடைகள் பலவும் ஊகத்தால் அமைக்கப்பட்டவை. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1909இல் மெகலோடான் சுறாவுக்கு அமைத்த தாடை புகழ்பெற்றது. ஆட்கள் பலர் அதற்குள் இருந்து படம் எடுத்துக்கொண்டனர். ஓரத்துப் பற்களையும் முன்பற்களின் அளவிலேயே பொருத்தியதால் அது இயல்பைவிட மிகப் பெரிதாகிவிட்டது என்று பின்னர் தெரிந்தது. கூட்டம் மட்டும் குறையவில்லை!

தொல்கடல் எச்சங்களைத் தேடித் தமிழகத்து மாணவர் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகள் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் இருந்தன. அங்கே காரைப் பகுதிப் படிவுகளில் சுறாப்பற்களும், இக்தியோசார் என்னும் கடல் ஊர்வனவற்றின் எச்சங்களும் கிடைத்துள்ளன. திருச்சிராப்பள்ளிப் பகுதியில் கிடைத்த முள்ளெலும்புகளைக் கொண்டு 1879இல் லிடெக்கர் அவற்றுள் ஒன்றுக்கு 'இண்டிகஸ்' என்று பெயரிட்டார். அக்காலத்தில் வாள்முகம் கொண்ட வேறொரு திருக்கைக் குடும்பமும் உலகின் கடல்களில் வாழ்ந்து அழிந்தது. இன்றைய வேளா அதன் வழித்தோன்றல் அன்று. பிற்காலத்தில் தனியே தோன்றி அதே வடிவை அடைந்தது.

அந்த வாளே இன்று வேளாவுக்குப் பகையாகிவிட்டது. எந்த வலையானாலும் பற்கள் சிக்கிக்கொள்கின்றன. சிக்கினால் மீள்வது அரிது. மெதுவாக வளர்ந்து சில குட்டிகளையே ஈனுவதால் இழப்பை ஈடுசெய்யவும் இயலவில்லை. மன்னார் வளைகுடாவில் முன்பு பிடிபட்டுவந்த இம்மீனை இப்போது காண்பது மிக அரிது. 2001 முதல் இது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. பிடிப்பதும் கொம்பை விற்பதும் குற்றமாகும். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய கொம்புகளிலிருந்து மரபணு எடுத்து, முன்பு இம்மீன்களிடையே எவ்வளவு வேறுபாடு இருந்தது என்பதை ஆய்வாளர்கள் இப்போது அறிந்துவருகின்றனர்.